நசீம் ஹமீதின் முதல் தோல்வி: தலைக்கனமா, கால் பிசகா?

மார்ச் 2, இழையைத் தொடங்கிய வாசகர்

"பிரின்ஸ்" நசீம் ஹமீத் என்ற குத்துச்சண்டை வீரர் 35 சண்டைகளில் தோல்வியே காணாதவர். அவற்றில் 31 நாக் அவுட். 2001 ஏப்ரல் 7 அன்று லாஸ் வேகாஸில் மார்கோ அன்டோனியோ பரேராவிடம் பன்னிரண்டு சுற்றும் வாங்கிக் கட்டிக்கொண்டார். காரணம் ஒன்றே ஒன்றுதான், தலைக்கனம். பறக்கும் கம்பளத்தில் வருவது, கயிற்றுக்கு மேல் குட்டிக்கரணம் அடித்து உள்ளே குதிப்பது, எதிராளியின் மூக்குக்கு முன்னால் நடனம் ஆடுவது என்று ஆடிய ஆட்டத்துக்குக் கூலி கிடைத்தது. இதில் விவாதிக்க வேறு ஏதாவது இருக்கிறதா?

மார்ச் 2, இரவு

இருக்கிறது.

தலைக்கனம்தான் காரணம் என்றால் அவர் 1995 செப்டம்பரிலேயே தோற்றிருக்க வேண்டும். கார்டிஃபில் ஸ்டீவ் ராபின்சனின் சொந்த ஊர்க் கூட்டம் காது கிழியக் கத்திக்கொண்டிருக்க, 21 வயதுப் பையன் கைகளைத் தொங்கவிட்டபடி ஒரு சாம்பியனைச் சுற்றிச் சுற்றி வந்து எட்டாவது சுற்றில் முடித்துவைத்தான். அன்று அவரிடம் இருந்த செருக்கு 2001-இல் இருந்ததைவிடக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் இந்த இழையிலிருந்து எழுந்து போகிறேன். அதே தலை, அதே கனம். முப்பத்தைந்து முறை வென்றபோது அதற்குப் பெயர் தன்னம்பிக்கை. முப்பத்தாறாவது முறை தோற்றதும் தலைக்கனம் ஆகிவிட்டதா?

மார்ச் 3

நேற்று அவசரத்தில் பாதி எழுதினேன். மீதி இது.

கைகளைத் தொங்கவிடுவதைத் திமிர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஹமீதுக்கு அது ஒரு பொறி. கை தாழ்ந்திருந்தால் குத்து இடுப்பருகிலிருந்து, கண் எதிர்பார்க்காத கோணத்தில் கிளம்பும். முகம் திறந்து கிடக்கிறதே என்று எதிராளி ஆசைப்பட்டு எட்டிக் குத்துவார். குத்து போய்ச் சேரும்போது தலை அங்கே இருக்காது. அவர் முன்னால் சாய்ந்து தடுமாறும் அந்த நொடியில் இடது அப்பர்கட், அதாவது கீழிருந்து மேல்நோக்கி வரும் குத்து, வந்து இறங்கும். ஃபெதர்வெயிட் என்பது 57 கிலோ எடைப்பிரிவு. அந்த உடம்புக்கு அப்படியொரு அடி அபூர்வம்.

இந்தப் பொறி வேலை செய்யக் கால் வேண்டும். ஷெஃபீல்டின் வின்கோபேங்கில் ஹமீதின் குரு பிரெண்டன் இங்கிள் நடத்திய பயிற்சிக்கூடத்தில் தரையில் கோடுகள் வரைந்திருப்பார்கள். வருகிற பையன்கள் அந்தக் கோடுகளின் மேல் நடந்து நடந்து, இடமும் வலமும் நிலை மாறி, திரும்பப் பழக வேண்டும். பயிற்சிச் சண்டையில் முகத்தில் அடி கிடையாது, உடம்பில் மட்டும்தான். ஹமீத் ஏழு வயதில் அங்கே போனவர். கோமாளித்தனம் என்று நாம் பார்த்ததெல்லாம் அந்தக் கோடுகளின் மேல் கட்டியது.

நானும் இளவயதில் கையுறை மாட்டியவன். ஹமீதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மறுநாள் கையைத் தொங்கவிட்டுப் பார்க்காதவன் எங்கள் கூட்டத்தில் ஒருவனும் இல்லை. பின்னால் சாய்ந்தால் உடம்பின் எடை முழுவதும் பின்குதிகாலில் போய் உட்காரும். முதல் குத்து மூக்குக்கு முன்னால் காற்றில் போகும். மனசுக்குள் மேளம் கொட்டும். இரண்டாவது குத்து வரும்போது நகர்வதற்குக் கால் இருக்காது. முழங்கால் நேராகி, தாடை மேலே தூக்கி, வயிறு திறந்து, வரவேற்பு வளைவு போல நின்றுகொண்டிருப்போம். எங்கள் பயிற்சியாளர் திட்டவே மாட்டார். கூட்டத்திலேயே மெதுவாகக் குத்துகிறவனைக் கூப்பிட்டு, "இரண்டாக அடி" என்பார். அவ்வளவுதான்.

பரேரா அன்றிரவு செய்தது அதைத்தான். ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாக அடித்தார்.

மார்ச் 3, இன்னும் கொஞ்சம்

ஹமீதைப் போன்ற இடக்கைக்காரரோடு வலக்கைக்காரர் மோதும்போது இருவரின் முன்கால்களும் முட்டிக்கொள்ளும். வலக்கைக்காரர் தன் இடது பாதத்தை எதிராளியின் வலது பாதத்துக்கு வெளிப்பக்கம் வைத்து, தன் இடப்பக்கமாகவே சுற்றி வந்தால், எதிராளியின் ஆபத்தான இடது கைக்கு நீண்ட வழி ஆகிவிடும். முதல் மாதத்திலேயே சொல்லித் தருகிற பாடம். பரேரா பன்னிரண்டு சுற்றும் அந்த அடிப்படைப் பாடத்தை ஒப்பித்துக் காட்டினார். மெக்சிகோக்காரர், மோதிக்கொண்டே முன்னேறுவார், உடம்பில் அடிப்பார் என்று ஹமீதின் தரப்பு காத்திருந்தது. அவரோ அரை அடி தள்ளி நின்று, "நீ வா" என்று காத்திருந்தார். ஹமீத் குதித்து வந்தார். முதல் சுற்றிலேயே ஒரு இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, அவரைக் குதிகாலில் தள்ளியது. அதற்குப் பிறகு அந்தப் பொறியில் எலியாக மாட்டியவர் பொறி வைத்தவரே.

மார்ச் 5

"நெருக்கமான சண்டைதான், நடுவர்கள் மூன்று நான்கு புள்ளிதான் வித்தியாசம் கொடுத்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நண்பரே, கூட்டிப் பாருங்கள். ஒரு சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்பது கணக்கு. 115–112, 115–112, 116–111. இதில் கடைசிச் சுற்றில் பரேராவுக்கு ஒரு புள்ளி வெட்டப்பட்டது. அதைத் திருப்பிச் சேர்த்தால் 116–112 இரண்டு முறை, 117–111 ஒரு முறை. அதாவது பன்னிரண்டு சுற்றில் இரண்டு பேர் ஹமீதுக்குக் கொடுத்தது நான்கு, மூன்றாமவர் கொடுத்தது மூன்று.

அந்தப் புள்ளி ஏன் போனது என்று தெரியாதவர்களுக்கு: பன்னிரண்டாவது சுற்றில் பரேரா ஹமீதின் கையைப் பின்பக்கமாக முறுக்கிப் பிடித்து, மூலைக் கம்பத்தின் மெத்தையில் முகத்தை மோதவைத்தார். கோதாவுக்குள் நின்ற நடுவர் ஜோ கார்டெஸ் உடனே புள்ளியை வெட்டினார். விதிப்படி சரி. ஆனால் பரேரா முகத்தைப் பார்த்தால் அந்தப் புள்ளியை முன்கூட்டியே எடுத்துவைத்திருந்து செலவழித்தது போலத்தான் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டும் உண்மை.

மார்ச் 6

மேலே ஒருவர் "தன் குருவின் மகனையே அடித்து வீழ்த்தியவன்" என்று எழுதியிருக்கிறார். 1999 ஏப்ரலில் மான்செஸ்டரில் பதினொன்றாவது சுற்றில் ஹமீதிடம் தோற்ற பால் இங்கிளுக்கும் பிரெண்டன் இங்கிளுக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு ஒட்டு உறவு இல்லை.

பால் இங்கிள் பெயர் வந்ததால் சொல்கிறேன். அவருக்கும் ஹமீத் கொடுத்ததுதான் முதல் தோல்வி. அதிலிருந்து எழுந்து வந்து வேறொரு உலகப் பட்டத்தை வென்றார். 2000 டிசம்பரில் ஷெஃபீல்டில் அதை இழந்த இரவில் மூளையில் அடிபட்டு, அவசர அறுவை சிகிச்சை நடந்து, மறுபடி கையுறை போடவே இல்லை. தோல்வி நல்ல ஆசிரியர் என்று இந்த இழையில் பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

"முகமது அலியும் வாய்ச்சவடால்தானே, அவர் மட்டும் எப்படித் தோற்ற பிறகு எழுந்தார்?" என்ற கேள்விக்கு.

1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஜோ ஃப்ரேசியர். பதினைந்தாவது சுற்றில் இடது ஹூக்கில் மல்லாந்து விழுந்து, உடனே எழுந்து, சண்டையை முடித்து, புள்ளிகளில் தோற்றார். அதே ஆண்டு ஜூலையில் மறுபடி கோதாவில் நின்றார். 1974 ஜனவரியில் ஃப்ரேசியரை வென்றார், அக்டோபரில் ஃபோர்மனை வீழ்த்தினார். வாய் கடைசிவரை குறையவில்லை. ஆட்டம்தான் மாறியது. கால் ஓடாது என்று தெரிந்ததும் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி எதிராளியைக் களைக்கவைத்தார். அந்தப் புத்திக்கு அவர் உடம்பு பின்னாளில் கொடுத்த விலை நமக்குத் தெரியும்.

இன்னொன்று. 1967 முதல் 1970 வரை அலியைச் சண்டையிட விடாமல் தடுத்துவைத்திருந்தார்கள். கோதா இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தோற்பதற்கு முன்பே அவர் பார்த்திருந்தார். ஹமீத் அப்படி எதையும் பார்த்ததில்லை.

மார்ச் 10

மைக் டைசன் முதல் முறையாகத் தோற்ற டைசன்–டக்ளஸ் சண்டை பற்றித் தனி இழை தொடங்குங்கள். இங்கே கொண்டுவந்தால் மே மாதம் வரை ஓடும்.

மார்ச் 14

இங்கே பரேராவைப் பற்றி யாருமே பேசவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹமீத் தோற்றார், தோற்றார் என்கிறோம். வென்றவர் யார்?

இருவரும் 1974-இல் பிறந்தவர்கள். பரேரா ஜனவரி 17, ஹமீத் பிப்ரவரி 12. ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. பரேராவும் 43 சண்டைகள் தோற்காமல் வந்தவர்தான். 1996 நவம்பரில் ஜூனியர் ஜோன்ஸ் ஐந்தாவது சுற்றில் அவரைச் சாய்த்தார். பரேராவின் மூலையிலிருந்து அவருடைய உதவியாளர்கள் உள்ளே ஏறிவிட, தகுதி நீக்கம் என்று பதிவானது. அப்போது அவருக்கு வயது 22. ஐந்து மாதத்தில் அதே ஜோன்ஸோடு மறுபடி மோதி, மறுபடி தோற்றார், இம்முறை புள்ளிகளில். அதே 1997-இல் மூளையின் ரத்தக்குழாய்க் கோளாறுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வெளியே சொல்லவில்லை, 2003-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு 2000 பிப்ரவரியில் எரிக் மொராலஸோடு பன்னிரண்டு சுற்றும் இருவரும் ஒருவரையொருவர் பிய்த்துக்கொண்ட சண்டை. தீர்ப்பு மொராலஸுக்குப் போனது. பரேராதான் வென்றார் என்று அன்றே பலர் சொன்னார்கள்.

ஆக மூன்று தோல்விகளோடு ஹமீதின் முன்னால் வந்து நின்றார் பரேரா. எடைப்பிரிவும் ஒன்று மேலே ஏறி வந்திருந்தார். பந்தயக்காரர்கள் பணத்தை ஹமீத் மேல்தான் வைத்தார்கள். மோதிக்கொண்டே போகும் ஆட்டம் தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்பது பரேராவுக்கு மூன்று முறை தெரிந்திருந்தது. அதனால்தான் அவரால் ஒரே இரவில் வேறொரு ஆட்டக்காரராக நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரே இரவு என்று சொல்வதுகூடச் சரியில்லை; அந்த இரவு ஐந்து வருடம் நீண்டது.

பயிற்சிக்குப் பரேரா கலிஃபோர்னியாவில் பிக் பேர் மலைமேல் ஏறினார். ஹமீத் பாம் ஸ்பிரிங்ஸில், பாடகர் பிங் கிராஸ்பி ஒரு காலத்தில் வைத்திருந்த மாளிகையில் தங்கினார். இதை வைத்து "பார்த்தீர்களா, சொகுசு கெடுத்தது" என்று எழுதுவது சுலபம். நான் எழுதமாட்டேன். மாளிகையில் தங்கி வென்ற சாம்பியன்கள் நிறையப் பேர். வீட்டில் எத்தனை அறை என்பதைவிட, அந்த வீட்டில் "முழங்காலை மடக்குடா" என்று சொல்ல யார் இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

மார்ச் 15

"பிரெண்டன் இங்கிளை விட்டுப் பிரியாமல் இருந்திருந்தால் ஹமீத் தோற்றிருக்கமாட்டார் என்கிறீர்களா? கெவின் கெல்லி சண்டையில் மூலையில் இங்கிள்தான் இருந்தார். அங்கேயும் ஹமீத் மூன்று முறை விழுந்தாரே?"

நல்ல கேள்வி. இந்த இழையின் உண்மையான சங்கதி இங்கேதான் இருக்கிறது.

1997 டிசம்பர் 19, மேடிசன் ஸ்கொயர் கார்டன். அமெரிக்காவில் ஹமீதின் முதல் சண்டை. முதல் சுற்றிலேயே விழுந்தார். மொத்தம் மூன்று முறை இவர் விழுந்தார், மூன்று முறை கெல்லி விழுந்தார், நான்காவது சுற்றில் கெல்லி எழவில்லை. கூட்டம் எழுந்து ஆடியது. எப்பேர்ப்பட்ட சண்டை, எப்பேர்ப்பட்ட நெஞ்சுரம் என்று மறுநாள் எழுதினார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், இப்போதும் அதை ரசிக்கத் தடையில்லை. ஆனால் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நேராகப் பின்வாங்குகிறார், கால் சேர்ந்து போகிறது, தாடை தூக்கியிருக்கிறது. 2001-இல் பரேரா தேடி வந்த எல்லாக் கதவும் அங்கே திறந்தே கிடந்தன. கணக்குப் பாடத்தைப் போல, விடை சரியாக வந்துவிட்டால் வழிமுறையை யாரும் திருத்திப் பார்ப்பதில்லை. ஹமீதின் இடது கை எப்போதும் சரியான விடையைக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறேன். இங்கிள் போனதால் மட்டும் ஹமீத் கெடவில்லை. அந்தத் தோல்வி 1997-லேயே வந்திருக்க வேண்டியது. அப்போது அவருக்கு 23 வயது, குரு பக்கத்தில் இருந்தார், வழிமுறையைத் திருத்த நேரம் இருந்தது. பரேராவுக்கு ஜூனியர் ஜோன்ஸ் செய்ததை ஹமீதுக்குக் கெல்லி செய்திருக்க வேண்டும். செய்யவில்லை, ஏனென்றால் ஹமீத் அவ்வளவு பலமாக அடிப்பார்.

அடுத்த ஆண்டு பணமும் கசப்பும் சேர்ந்து குருவும் சீடரும் பிரிந்தார்கள். ஏழு வயதிலிருந்து பார்த்தவரைத் தவிர யாருக்கும் ஒரு கோடீஸ்வரனைக் கோட்டின் மேல் நடக்கச் சொல்லும் தைரியம் வராது. அவருக்கே கடைசியில் அந்தச் செல்வாக்கு இருந்ததா என்பது சந்தேகம்தான்.

மார்ச் 16

இமானுவேல் ஸ்டூவர்ட் இருந்தாரே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இருந்தார். உலகத்தின் மிகச் சிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர். பரேரா சண்டையில் ஹமீதின் பக்கம் அவரும் நின்றார்.

அதே ஸ்டூவர்ட்டின் இன்னொரு கதை கேளுங்கள். 1994 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளியில் ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் முதல் முறையாகத் தோற்றார். இரண்டாவது சுற்றிலேயே சாய்த்தவர் ஆலிவர் மெக்கால். மெக்காலைத் தயார் செய்தவர் ஸ்டூவர்ட். லூயிஸ் என்ன செய்தார்? தன்னைத் தோற்கடிக்கத் திட்டம் போட்ட ஆளையே அழைத்துத் தனக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். முதல் தோல்விக்கு இதைவிடச் சாமர்த்தியமான பதில் நான் கேள்விப்பட்டதில்லை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஹமீத் தோற்று இரண்டு வாரம் கழித்து, 2001 ஏப்ரல் 22 அன்று தென்னாப்பிரிக்காவில் ஹசீம் ரஹ்மான் ஐந்தாவது சுற்றில் லூயிஸை நாக் அவுட் செய்தார். லூயிஸ் பயிற்சியின் நடுவில் சினிமாவில் முகம் காட்டிவிட்டு, மேட்டு நிலத்தின் மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்காமல், தாமதமாகப் போய் இறங்கியிருந்தார். ஸ்டூவர்ட்டுக்கு எப்படிப்பட்ட ஏப்ரலாக இருந்திருக்கும்! நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுசண்டை. நான்காவது சுற்றில் ஒரே வலது கையில் ரஹ்மானைப் படுக்கவைத்தார் லூயிஸ். ஹமீதும் பரேராவும் மறுபடி மோதவே இல்லை.

மார்ச் 21

இன்று வேறு வேலை ஓடவில்லை, ஹமீதின் நுழைவுக் காட்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வுயானி புங்கு சண்டைக்குக் கம்பளத்தில் பறந்து வந்தது 2000 மார்ச்சில். பரேரா சண்டைக்கு உயரத்திலிருந்து ஒரு வளையத்தில் தொங்கியபடி இறங்கினார். கூட்டத்திலிருந்து பானங்களை அவர் மேல் வீசினார்கள். கோதாவில் பரேரா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். நிற்கவைத்துக் காக்கவைப்பதும் இந்த வித்தையின் ஒரு பகுதிதான், எதிராளியின் உடம்பு குளிர்ந்துபோகும். பரேரா குளிரவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். நமக்கு ஏன் இந்தச் சண்டை இவ்வளவு பிடிக்கிறது? பரேரா அதைவிடப் பெரிய சண்டைகள் போட்டிருக்கிறார். மொராலஸோடு போட்ட மூன்றும் இதைவிட மேல். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை யாராவது இந்த இழையைத் தூசி தட்டுகிறார்கள். துள்ளுகிறவன் விழுவதைப் பார்க்கும் ருசி என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. அந்தப் பையனின் துள்ளலுக்காகத்தான் நாம் டிக்கெட் வாங்கினோம், விழுந்தபோதும் அதே டிக்கெட்டில்தான் கைதட்டினோம். யெமன் நாட்டுப் பெற்றோருக்கு ஷெஃபீல்டில் பிறந்து, கேலிகளுக்கு நடுவே வளர்ந்த குள்ளப் பையனுக்கு அந்தத் துள்ளல் எதற்குத் தேவைப்பட்டது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

மார்ச் 28

"ஒரு தோல்விக்கே ஓடிவிட்டவன்" என்று எழுதியவருக்கு.

ஓடவில்லை, இன்னொரு சண்டை போட்டார். 2002 மே 18, லண்டன், மனுவேல் கால்வோ. பன்னிரண்டு சுற்று, புள்ளிகளில் தெளிவான வெற்றி. சொந்த நாட்டுக் கூட்டம் கூச்சலிட்டு ஏளனம் செய்தது. ஹமீத் எச்சரிக்கையாக ஆடினார், தூரம் பார்த்தார், பாயவில்லை. பரேரா கற்றுக்கொடுத்ததைத்தான் கேட்டு நடந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த ஹமீதைப் பார்க்க யாரும் வரவில்லை. அவருக்குமே அந்த ஹமீதைப் பிடிக்கவில்லை போலும். 28 வயதில் 36 வெற்றி, ஒரு தோல்வி என்று நின்றுபோனார். 2015-இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். பரேராவின் முறை இரண்டு ஆண்டு கழித்து வந்தது.

முன்பு எனக்கும் அவர் விலகியது கோழைத்தனமாகத்தான் பட்டது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. கைகள் அடிக்கடி காயப்பட்டவை, பணம் சேர்ந்துவிட்டது, புத்தி தெளிவாக இருக்கிறது. இந்தத் தொழிலில் 28 வயதில் முழுசாக எழுந்து போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பரேரா தொடர்ந்தார். 2003 நவம்பரில் மேனி பாக்கியாவோ அவரைப் பதினொன்றாவது சுற்றில் நொறுக்கினார். அடுத்த ஆண்டே மொராலஸை மறுபடி வென்றார். தோற்பது அவருக்குப் பழகிய வேலை.

ஏப்ரல் 1

யாரோ ஹமீத் மறுபடி கோதாவில் இறங்குகிறார் என்று செய்தி போட்டிருக்கிறார்கள். தேதியைப் பாருங்கள் ஐயா.

ஏப்ரல் 4

புதிதாகப் பார்க்கிறவர் ஒருவர், முழுச் சண்டைக்கும் நேரமில்லை, எதைப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். முதல் சுற்றை இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை சாதாரணமாக, ஒருமுறை இடுப்புக்கு மேலே உள்ள எதையும் கவனிக்காமல் நான்கு பாதங்களை மட்டும். பரேராவின் இடது பாதம் எங்கே இறங்குகிறது, ஹமீதின் குதிகால் எப்போது தரையில் ஊன்றுகிறது என்று பாருங்கள். பிறகு நேராகப் பன்னிரண்டாவது சுற்றுக்குப் போய்விடலாம். நடுவில் உள்ள பத்திலும் பெரும்பாலும் அதேதான். ஹமீதின் இடது கை எப்போதாவது நுழையும்போது மட்டும் அரங்கம் மூச்சுவிடும். கெல்லி சண்டையையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது, ஆனால் இதற்குப் பிறகு பாருங்கள். முதலில் அதைப் பார்த்தால் ஹமீதை விட்டுக்கொடுக்க மனம் வராது.